நான் கொடுத்த திகதிகள்

எங்கள் வீட்டுப் பெண்பிள்ளை பதினைந்து வயதாகியும் பெரியபிள்ளையாகவில்லை என்று ஊரில் ஒருவர் வாய்திறக்கும் நாள் வரக்கூடாது என்று நான் முடிவெடுத்தேன். அதை எடுத்தது நான் ஒருத்திதான். என் தங்கச்சிக்கு அதில் சம்மதம் இருக்கவில்லை. இதைச் சொல்வது அவள் பெயரைக் காப்பதற்காக.

எங்கள் படுவான்கரையில் குடி என்கிற குலம் தாய்வழியாகப் போகிறது. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்ததும் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அவனுடைய பிள்ளைகள் அவர்களின் தாயுடைய குடி. வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. கோயில் திருவிழாவில் ஏழாம் நாள் எங்கள் குடியுடையது. அன்றைக்கு என் தம்பி அருமைநாயகம் கோயில் பொறுப்பைப் பார்க்கும் வண்ணக்கராகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமிக்கு முன்னால் நிற்பான். அவனுக்குப் பிறகு அந்த உரிமை அவன் பிள்ளைகளுக்குப் போகாது. என் தங்கச்சி வயிற்றில் பிறந்த தனுஷியாவுக்குப் பிள்ளை பிறந்தால்தான் அது எங்களிடம் நிற்கும். நான் கல்யாணம் முடிக்கவில்லை. தங்கச்சிக்குத் தனுஷியாவைத் தவிர வேறு பிள்ளை இல்லை. இவ்வளவும் அந்த ஒரு பிள்ளையின் மேல் இருந்தது.

நான் முப்பத்தொரு வருடம் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக இருந்தவள். பிள்ளையின் பிறந்த நாளை இரண்டு கிழமை தள்ளி எழுதித் தரச் சொல்லி வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் புத்தகங்களில் பிழையான திகதி ஒன்றுகூட இல்லை.

தனுஷியாவோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லோருக்கும் பெரியபிள்ளையான சடங்கு செய்து தண்ணீர் வார்த்து முடிந்துவிட்டது. பக்கத்து வளவுப் பிள்ளைக்குப் பதினொரு வயதில் வார்த்தார்கள். கோயிலில் வைத்து அவளுடைய தாய், நாலு பேர் கேட்கும்படியாக என்னிடம் கேட்டாள்.

"என்ன புஸ்பமக்கா, உங்கட புள்ளையச் சின்னப்புள்ளையாவே வெச்சிரிக்கச் சொல்லி நேத்திக்கடனோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

தங்கச்சி அழுதுகொண்டு சொன்னது, ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்று. மார்பு வளர்ந்திருக்கிறது, உயரம் வளர்ந்திருக்கிறது, முகத்தில் பருவும் வந்துவிட்டது, அது மட்டும் வரவில்லை, ஏன் என்று ஒருவரிடம் கேட்போம் என்றாள். ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிற பெண் எங்கள் ஊரவள். அவள் எழுதி முடிப்பதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்லி நான் மறித்துவிட்டேன்.

அடுத்த கிழமை வளவின் பின்பக்கம் நானே ஒரு பேட்டுக்கோழியைப் பிடித்து அறுத்தேன். அதுவரை என் கையால் ஓர் உயிரையும் கொன்றதில்லை. அதன் இரத்தத்தைப் பழைய சீலைத்துண்டில் ஊற்றிக் காயவைத்தேன். பெரியபிள்ளையானவளின் முதல் சீலையை எடுத்துப்போகும் உரிமை பூமணி வீட்டாருடையது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுத் துணியை வெளுக்கிறவர்கள். பூமணி சீலையை விரித்துப் பார்த்தாள், மறுபடி மடித்தாள்.

"அம்மா, இது கோழியெல்லோ மணக்கு" என்றாள்.

"மணந்தா மூக்கைப் பொத்து" என்றேன்.

அவள் பொத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டு வாசல் அவளுக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். சீலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். சாகும்வரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டார் அப்படியானவர்கள்தான்.

நானூறு பேருக்குச் சாப்பாடு போட்டுத் தண்ணீர் வார்த்தோம். ஓர் அறையில் ஏழு நாள் இருத்தி வைத்திருந்தபோது தனுஷியா மூன்றாம் நாள் கேட்டாள், தனக்கு ஒன்றும் வரவில்லையே, ஏன் இருத்தியிருக்கிறீர்கள் என்று. பிறகு வரும், வந்தால் எனக்கு மட்டும் சொல், மற்றவர்களிடம் வாய்திறக்காதே என்றேன். அது வரவில்லை. மறு வருடம் தங்கச்சி டெங்குவில் செத்தாள். தகப்பன் முன்னமே இல்லாத பிள்ளை என் கைக்கு வந்தாள்.

அந்த மாதத்திலிருந்து நான் அவளுக்குத் திகதி கொடுத்தேன். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை. அந்த மூன்று நாளும் அவள் பக்கத்து அறையில் பாயில் படுக்க வேண்டும். அடுப்படிக்கும் சாமியறைக்கும் வரக்கூடாது. நாலாம் நாள் தலை முழுக வேண்டும். துணிகளை நனைத்து, தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற கொடியில் நான்தான் காயப்போட்டேன். அவள் முதல் ஒன்றிரண்டு வருடம் கேள்வி கேட்டாள். பிறகு கேட்கவில்லை. கல்யாணம் முடித்தால் வந்துவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

அவளுடைய இருபத்துநாலு வயதில் கிரானிலிருந்து ஜெயந்தனை மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தோம். குறை சொல்ல முடியாத பையன். எங்கள் எட்டு ஏக்கர் வயல் வட்டையைக் கையில் எடுத்த முதல் போகத்திலேயே வரம்புகளைத் திருத்தி, தண்ணீர் மறிக்கிற இடத்தை மாற்றி, பக்கத்து வயல்காரர் வந்து பார்த்துப் போகும்படி செய்தான். சத்தம் போட்டுச் சிரிப்பான். தனுஷியாவைத் தனு என்று கூப்பிடுவான். அவள் பக்கத்து அறையில் இருக்கிற மூன்று நாளும் அவன்தான் சமைப்பான். மீனை வெட்டிக்கொண்டே கதவுக்கு வெளியில் நின்று, "இந்த மூண்டு நாளும் என்ட ராச்சியம், நீ உள்ளுக்குக் கிட" என்பான். உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் தனுஷியா என்னிடம் வந்தாள். கணவனோடு சேர்ந்திருக்க முடியவில்லை, சரியான நோவு, ஏதோ வழி அடைத்த மாதிரி இருக்கிறது என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு காலைநேரம் முழுக்கச் சென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றேன். பிறகு ஜெயந்தனைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்பிள்ளையோடு எப்படி நடந்துகொள்வதென்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்று கேட்டேன். அவன் காது சிவந்து போயிற்று. அதன் பிறகு செங்கலடிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் இலேகியம் வாங்கிச் சாப்பிட்டதை நான் கண்டேன். போத்தலை நெல் மூடைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். கண்டேன் என்று அவனுக்குத் தெரியும்படி அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

ஆறு வருடம் போயிற்று. பிள்ளை இல்லை என்றதும் ஊர் முதலில் பெண்ணைத்தான் பார்க்கும். எங்கள் பெண்ணை அப்படிப் பார்க்க நான் விடவில்லை. ஜெயந்தன் பக்கமாக ஒரு சொல் இரண்டு சொல் போட்டு வைத்தேன். கேட்டவர்கள் மிச்சத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

பிழை நடந்தது என்னால்தான், அதை மறைக்க மாட்டேன். எனக்குக் கண்ணில் வெண்புரை வெட்டினார்கள். கண்ணில் ஏதோ கிருமி என்று சொல்லி, இரண்டு நாளில் விடவேண்டிய என்னைப் பதினாறு நாள் வைத்திருந்தார்கள். வீட்டில் திகதி சொல்ல ஆளில்லை. தனுஷியா தானாகப் போய் அறையில் இருந்திருக்கலாம். அவள் இருக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன், மறந்துபோனேன் என்றாள். பதினைந்து வருடம் செய்ததை மறந்தாள் என்பதை நான் நம்பவில்லை.

நாள் தள்ளிப்போனதை ஜெயந்தன் எண்ணியிருக்கிறான். அவளிடம் கேட்க, அவள் பேசாமல் இருந்திருக்கிறாள். பேசாமல் இருந்ததை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு கிரானுக்கு ஓடிப்போய்த் தாயிடம் சொல்லிவிட்டான். நான் கண்ணில் துணிக்கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று அவனுடைய தாய் ஒரு முட்டி எருமைத் தயிரோடு எங்கள் கூடத்தில் இருந்தாள். தனுஷியாவின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிள்ளை கறுப்பாகப் பிறந்தாலும் பரவாயில்லை, தாங்களெல்லாம் கறுப்புத்தானே என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தனுஷியாவை உள்ளே கூப்பிட்டு அந்த நிமிடமே பக்கத்து அறையில் பாயைப் போடச் சொன்னேன். வெளியே வந்து, பிள்ளைக்குத் தூரமாகிவிட்டது, நாள் கொஞ்சம் பிந்தியிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றேன். அந்த மனுசி தயிர்முட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் ஜெயந்தனுக்கு அதிலே ஒரு நம்பிக்கை பிடித்துக்கொண்டது. தங்கிய கருதான் கலைந்திருக்கிறது என்று நினைத்தான். அப்படியென்றால் இரண்டு பேரிலும் பெரிய குறை இல்லை, டொக்டரிடம் போனால் சரிவரும் என்றான். ஏறின குரலில் அவன் பேசியது அந்த ஒரு முறைதான். டவுனில் கஜானி என்று ஒரு பெண் டொக்டர், இந்த விசயங்களுக்கென்றே கிளினிக் வைத்திருக்கிறாள். போவதானால் முதலில் ஆண் போய்க் காட்டட்டும், எங்கள் பிள்ளை பிறகு வருவாள் என்றேன். அவன் சரி என்று போனான்.

திரும்பி வந்து, மறைக்கத் தெரியாமல், சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். வயல்வேலை செய்து நின்றால் பொழுதுபட இடப்பக்கம் ஓர் இழுவை நோவு இருந்தது, அதை டொக்டரிடம் சொல்லியிருக்கிறான். விதைப்பைக்குப் போகிற நாளங்கள் புடைத்திருக்கின்றனவாம். காலில் நரம்பு சுருள்வது மாதிரித்தானாம். நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு இருக்குமாம். விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை கொஞ்சம் குறைவு, ஆனால் பிள்ளை பிறக்கப் போதும், இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, அடுத்ததாக மனைவியைக் கூட்டிவா என்றாளாம்.

அவன் சொன்னதில் முதல் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அன்றே தம்பியிடம் சொன்னேன். அருமைநாயகம் கோயிலில் சொன்னான். ஒரு கிழமைக்குள் தேத்தண்ணிக் கடையில் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நலமடித்த மாடு. வண்டில் இழுக்கும், உழும், வேறொன்றுக்கும் ஆகாது. புஸ்பம் கிரானிலிருந்து பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்த மாடு என்று சொல்லியிருக்கிறார்கள். என் பெயரையும் இழுத்ததை நான் விரும்பவில்லை. ஆனால் தனுஷியாவின் பெயர் அதில் இல்லை.

அவன் வட்டைக்குப் போகும் பாதையை மாற்றிக்கொண்டான். சிரிப்பது நின்றுபோயிற்று. அப்போது நான் சொன்னேன், ஆண் என்றால் குறையை வைத்துக்கொண்டு திரியக்கூடாது, வெட்டித் திருத்திக்கொண்டு வரவேண்டும் என்று. வேறொரு தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்தான்.

அதற்கு முதல் நாள் தனுஷியா அடுப்படியில் என்னிடம் வந்து நின்றாள்.

"அவருல குறை இல்லயே பெரியம்மா. அவர் ஏன் வெட்டுப்படணும்?"

"அப்ப நீ போய்ச் சொல்லு. கோழியச் சொல்லு, திகதியச் சொல்லு, எல்லாத்தையும் சொல்லு. சொன்னதுக்குப் பிறகு எத்தின நாளைக்கு அவன் இந்த வீட்டில சோறு தின்பான் எண்டதையும் யோசிச்சிக்கோ."

அவள் தேங்காய் துருவியை எடுத்து வைத்துக்கொண்டு துருவத் தொடங்கினாள். ஓட்டில் வெள்ளை முடிந்த பிறகும் துருவிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு நாள் பக்கத்தில் இருந்து, கஞ்சி பருக்கி, கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து, இனி மனைவியைக் காட்ட வேண்டியதுதானே என்று அவனுடைய தாய் வந்து எங்கள் கடப்படியில் நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். நான் ஓம் என்றேன். தனுஷியாவோடு நான் போனேன், ஜெயந்தனை அறுவடைக்கு நிறுத்திவிட்டேன்.

டொக்டர் கஜானிக்கு நாற்பது வயது இருக்கும். முதல் மாதவிடாய் எத்தனை வயதில் என்று கேட்டாள். பதினைந்து, பெரிதாகச் செய்தோம் என்றேன். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டாள். திகதியைச் சொன்னேன். எத்தனை நாள் இருக்கும், நோவு உண்டா, கட்டி கட்டியாகப் போகுமா என்று தனுஷியாவைப் பார்த்துக் கேட்டாள். மூன்று நாள், நோவு இல்லை, கட்டி இல்லை என்று நான் சொன்னேன்.

"அவ சொல்லட்டும்" என்றாள் டொக்டர்.

தனுஷியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கதைகளை வெளியாட்களிடம் பேசிப் பழகவில்லை என்று நான் விளக்கினேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, எல்லா மாதமும் இருபத்தெட்டு நாள்தானா, ஒரு நாள்கூட முந்திப் பிந்தி வருவதில்லையா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்குதான் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, பிறந்த நாளைத் தள்ளி எழுதித் தரச் சொன்னவர்களை நான் பார்த்த பார்வைதான். எனக்கு அது பழக்கமில்லாத பக்கமாக இருந்தது.

கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில் பசையைப் பூசி ஸ்கேன் பண்ணினாள். அப்பால் தள்ளினாள், இப்பால் தள்ளினாள், அழுத்தினாள். இலேசாகச் சரிந்து படுக்கச் சொல்லி முதுகுப் பக்கமாகவும் பார்த்தாள். பிறகு என்னை வெளியில் இருக்கச் சொன்னாள். நான் தாய்க்குத் தாய், போக மாட்டேன் என்றேன். தாதி வந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

வெளியில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு நடுவில் முக்கால் மணித்தியாலம் இருந்தேன். ஒருத்தி எனக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று கேட்டாள். அவளுடைய வாயில் அது வந்திருக்கக் கூடாது.

உள்ளே கூப்பிட்டபோது தனுஷியா முகம் கழுவியிருந்தாள். எனக்குச் சொல்லலாம் என்று அவள் சம்மதம் தந்திருக்கிறாள் என்று தொடங்கி, டொக்டர் சொன்னாள். கர்ப்பப்பை பிறவியிலேயே உருவாகவில்லை. சூலகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன, அதனால்தான் உடம்பு மற்றப் பெண்களைப் போல் வளர்ந்தது, அதனால்தான் ஒருவரும் சந்தேகப்படவில்லை. கர்ப்பப்பைக்குப் போகும் வழியும் முழுதாக இல்லை, கணவனோடு இருக்க நொந்தது அதனால். சிறுநீரகமும் ஒன்றுதான். நாலாயிரம் ஐயாயிரம் பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கு இப்படி அமையும், இது யாருடைய பாவமும் இல்லை. மற்றப் படங்கள் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும், ஆனால் தனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. பிள்ளை சுமக்க முடியாது. மற்றக் கஷ்டத்துக்கு வைத்தியம் உண்டு, பல பேருக்கு வெட்டாமலே சரிவந்திருக்கிறது, புருஷன் பெண்சாதியாக வாழலாம்.

"பதினஞ்சி பதினாறு வயசாகியும் வரல்லயெண்டா அந்த வயசிலயே கூட்டிக்கொண்டு வந்திரிக்கணும்" என்றாள். "இவ அவருக்குச் சொல்லிப்போட்டுக் கட்டியிரிக்கலாம். ஆறு வருஷம் இந்த நோவைத் தாங்கியிரிக்கத் தேவையில்ல. அவரை வெட்டச் சொன்னது யார்? நான் வேணாமெண்டு எழுதித்தானே அனுப்பினன்."

குடும்ப விசயம் என்றேன். தனுஷியாவின் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பஸ் மண்முனைப் பாலத்தில் போகும்போது நான் அவளுக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்தாரையும் கூப்பிட்டு இதை முடித்துவிடப் போகிறேன். குறையுள்ள ஆண், வெட்டியும் பலனில்லை, கல்யாணத்தைத் தீர்த்துவிட்டோம் என்று சொல்லி அவனை அனுப்பிவிடுவோம். அதன் பிறகு உன் வயிற்றைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள், உனக்காகப் பரிதாபப்படுவார்கள். நம்முடைய குடியில் ஒரு பெண்பிள்ளையை எடுத்து வளர்ப்போம். நீ வாய்திறக்காமல் இருந்தால் போதும், இதுவரைக்கும் இருந்த மாதிரி. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்தார்கள். அருமைநாயகமும் குடியில் மூத்தவர்கள் இருவரும் கூடத்தின் ஒரு பக்கம். எதிரே ஜெயந்தனுடைய தாயும் அவனுடைய மாமனும். ஜெயந்தன் கதிரை நுனியில் மெதுவாக உட்கார்ந்தான், தையல் இன்னும் நோகிறதுபோல. தனுஷியா அறைவாசலில் நின்றாள்.

நான் சொல்ல வேண்டியதை எழுந்து நின்று சொன்னேன். ஒரு கெட்ட வார்த்தை பாவிக்கவில்லை. ஆறு வருடம் பொறுத்தோம், வைத்தியம் பார்த்தோம், குறை எங்கே என்று டொக்டர் எழுதிய கடதாசி இருக்கிறது, எங்கள் குடி அழிந்துபோக நாங்கள் விட முடியாது என்றேன். ஜெயந்தனுடைய தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகனில் குறையென்றால் கூட்டிக்கொண்டு போகிறோம், ஆனால் ஊர் வாயில் போட்டு மென்றிருக்கத் தேவையில்லை என்று அவனுடைய மாமன் சொன்னான். தம்பி ஜெயந்தனைப் பார்த்து, சொல்ல ஏதும் இருக்கிறதா என்று கேட்டான்.

"என்னிலதான் குறை" என்றான் ஜெயந்தன். "நான் போறன். தனுவ ஒருத்தரும் ஒரு சொல்லும் சொல்லப்படாது. அவ்வளவுதான்."

முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். தேத்தண்ணி கொண்டுவரத் திரும்பினேன்.

தனுஷியா அறைவாசலில் நின்றபடியே தொடங்கினாள். சத்தம் உயரவில்லை. தனக்குக் கர்ப்பப்பை இல்லை என்றாள். ஒருநாளும் தனக்கு மாதவிடாய் வந்ததில்லை என்றாள். தண்ணீர் வார்த்தது கோழி இரத்தத்துக்கு என்றாள். மாதாமாதம் அறையில் இருந்ததெல்லாம் பெரியம்மா கொடுத்த திகதிக்கு என்றாள். குடியின் மூத்தவர்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஆண்கள் கேட்கக் கூடாத கதையை ஒரு பெண்பிள்ளை கூடத்தில் நின்று சொல்கிறாள், என் தம்பி எழுந்து போகவுமில்லை, அவளை நிறுத்தவுமில்லை.

ஜெயந்தன் அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பிந்தின மாசம்?" என்று கேட்டான்.

"பெரியம்மா ஆஸ்பத்திரியில. திகதி சொல்ல ஆளில்ல. நீங்க கேக்கக்குள்ள எனக்கும் அது உண்மையா இரிக்கணும் போல கிடந்துது."

"நான் வெட்டுப்படப் போகக்குள்ள உனக்குத் தெரியுமா?"

"கர்ப்பப்பை இல்லயெண்டு தெரியா. குறை என்னிலதான் எண்டு தெரியும்."

"கஞ்சி பருக்கக்குள்ள?"

"தெரியும்."

அவன் எழுந்தான். எழும்போது ஒரு கை கதிரையைப் பிடித்தது. அவனுடைய தாய் எதையோ சொல்ல வர, வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"வயித்தில ஒண்டும் இல்லயெண்டு முதல் நாள் சொல்லியிருந்தா நான் இருந்திருப்பன் தனு. சத்தியமா இருந்திருப்பன். ஊர் என்னை மாடு எண்டு சொல்லக்குள்ள நீ பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருந்தாய். இனி ஏலாது."

உடுப்புகளைக்கூட எடுக்கவில்லை. மூன்று பேரும் கடப்படியைத் தாண்டிப் போனார்கள். தனுஷியா அவனைக் கூப்பிடவில்லை. அழவுமில்லை.

பதினாறு வருடம் ஒரு கல்லு விலகாமல் நான் கட்டிவைத்ததை இவள் ஒரு வாயில் இடித்துப்போட்டாள். குடியின் முகத்தில் கரியைப் பூசிவிட்டாய், இந்த வீட்டில் இனி உனக்கு இடமில்லை, இப்போதே வெளியே போ என்றேன்.

"இது அம்மா எனக்குத் தந்த வீடு" என்றாள். "நீங்கதான் போகணும் பெரியம்மா."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மூத்தவர்களைப் பார்த்தான். அவர்களில் ஒருவர், பெண்பிள்ளைக்கு எழுதின வீடு பெண்பிள்ளையுடையதுதான், அதிலே கதைக்க ஒன்றும் இல்லை என்றார். அதை எங்களுக்கு அவர் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அந்த வழக்கத்துக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். எனக்கு எழுதிய வீட்டையும் தங்கச்சியின் கல்யாணத்தன்று அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்தவள் நான்.

தனுஷியா என் பெட்டியை அடுக்கித் தந்தாள். கண்ணுக்கு விடுகிற மருந்தை மேலே, எடுக்க வசதியாக வைத்திருந்தாள். தெருவில் பெண்கள் வேலியோரம் நின்றார்கள். நான் நடந்தேன், தம்பி பெட்டியோடு பின்னால் வந்தான். ஒருவருடைய முகத்தையும் நான் பார்க்கவில்லை, குனியவும் இல்லை.

தம்பி இருப்பது தேற்றாத்தீவில், அவன் மனைவியின் வீட்டில். அங்கே அவன் சொல் செல்லாது. அவனுடைய மனைவி வாசலில் எங்களை மறித்து நிறுத்தினாள். சேலைத்தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள்.

"இரிங்க மச்சாள், இருக்கிறதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல" என்றாள். "என்ட மகளுக்குக் கல்யாணம் பேசுறம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வரக்குள்ள நீங்க முன்னுக்கு வரப்படாது. அவளோட தனியக் கதைக்கவும் படாது. இத இப்பயே சொல்லிப்போடணும்."

தம்பி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். நான் சரி என்று சொன்னேன். அவள் அடுப்படிப் பக்கம் இருந்த ஒரு கதிரையைக் காட்டினாள். அதில் போய் உட்கார்ந்தேன்.